தரைக்கு அடியிலும் காற்று வேண்டும்

கட்டடம் என்பது ஒரு சங்கத்தின் கண்ணுக்குத் தெரியும் சொத்து. பங்குத் தொகையும் சேம நிதியும் பேரேட்டில் இருக்கின்றன. கட்டடமோ ஊரின் நடுவில் நிற்கிறது. ஆகையால் கையில் சிறிது இலாபம் சேர்ந்ததும், கட்டடத்துக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று அங்கத்தினர்கள் எண்ணுவது இயல்பே. முன்புறம் ஒரு முற்றம், பக்கத்தில் ஒரு மேடை, சுற்றிலும் சிமெண்டுத் தளம் என்று ஆண்டுதோறும் பல சங்கங்களில் வேலை நடைபெறுகிறது. அங்கத்தினர்கள் தம் சொந்த வீடுகளிலும் இவ்வாறே செய்துகொள்கின்றனர். இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், சுவரை ஒட்டித் தளம் போடும்போது கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது மதிப்பீட்டில் இடம்பெறுவதில்லை, தீர்மானத்திலும் இடம்பெறுவதில்லை. வீட்டுத் தரைக்கு அடியில் நடைபெறும் காற்றோட்டமே அது.

நாம் இதனை நூல்களில் படித்து அறிந்ததைக் காட்டிலும், ஒரு சங்கம் அடைந்த இழப்பிலிருந்து அறிந்ததே மிகுதி. அந்த இழப்பில் நமது கவனக் குறைவுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆதலால் அதனை முதலில் கூறிவிட்டு, பின்னர் முறைகளை விளக்குவோம்.

மலைமேல் ஒரு சங்கம்

கோயமுத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ஆம் ஆண்டில் நீலகிரிக்கு ஏறிச் சென்றதன் பின்னர், ஆங்கிலேயர்கள் அம்மலையில் தம் நாட்டு முறையைத் தழுவிப் பல வீடுகளைக் கட்டினர். அவற்றுள் பலவற்றில் தரை சுண்ணாம்பாலோ கல்லாலோ ஆனதன்று, பலகைத் தளம். மண்ணுக்கு மேலே குட்டைச் சுவர்களை எழுப்பி, அவற்றின்மேல் மரச் சட்டங்களை வரிசையாகக் கிடத்தி, சட்டங்களின்மேல் பலகைகளை அறைந்திருப்பார்கள். பலகைக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருக்கும். குளிர் மிகுந்த இடத்தில் காலுக்கு இதமாக இருப்பது பலகைத் தளமே.

அத்தகைய பழைய பங்களா ஒன்று காய்கறி பயிரிடுவோர் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமாயிற்று. சங்கத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. குறிப்பிடத் தேவையும் இல்லை. 33 அடி நீளமும் 23 அடி அகலமும் உள்ள அதன் கூடத்தில் ஒரு பகுதி அலுவலகம். மற்றொரு பகுதியில் விதை உருளைக்கிழங்கும் உர மூட்டைகளும் வைக்கப்பட்டிருந்தன. வாசலில் இரண்டு படிகள். மூட்டைகளைச் சுமந்துகொண்டு அப்படிகளில் ஏறி இறங்குவது அங்கத்தினர்களுக்குச் சிரமமாக இருந்தது. மழை நாளில் வழுக்கவும் செய்தது. எனவே, படிகளை எடுத்துவிட்டு, கூடத்தின் தரை மட்டத்துக்கே 8 அடி அகலத்தில் நீண்ட மேடை ஒன்றை முன் சுவரை ஒட்டிக் கட்டுவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. கல்லும் மண்ணும் இட்டு நிரப்பி, மேலே கான்கிரீட்டுத் தளம் போட்டனர். வேலை செம்மையாகவே நடந்தது. மூட்டையைத் தள்ளுவண்டியில் வைத்துக் கூடத்தினுள் நேரே கொண்டுசெல்ல முடிந்தது. அங்கத்தினர்கள் மகிழ்ந்தனர்.

அவ்வாண்டு நாம் அந்தச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றோம். தீர்மான நகலைப் பார்த்தோம், மதிப்பீட்டைப் பார்த்தோம், சிமெண்டுக்கும் ஜல்லிக்கும் கூலிக்கும் உரிய வவுச்சர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. "மேடை அங்கத்தினர்களுக்குப் பெரிதும் பயன்படும் வகையில் அமைந்துள்ளது" என்று ஆய்வுக் குறிப்பில் எழுதினோம். அந்த மேடையின்மீது நின்றுகொண்டே அதை எழுதினோம் என்பதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முன் சுவரின் அடியில், பழைய படிகளின் இருமருங்கிலும், இரும்புச் சட்டம் பொருத்திய ஐந்து துவாரங்கள் இருந்தன. அவை ஐந்தும் மேடைக்குள் புதைந்துபோயின. அத்துவாரங்கள் எதற்காக வைக்கப்பட்டவை என்று எவரும் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை.

நான்காம் ஆண்டு, உரம் வழங்கும் நாளன்று, முதிய அங்கத்தினராகிய அம்மையார் ஒருவர் தமக்குரிய 45 கிலோ யூரியா மூட்டையைத் தம் மகன் எடுப்பதற்காகச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார். அவர் காலடியில் இருந்த பலகை முறிந்தது. முழங்கால் வரை உள்ளே இறங்கிவிட்டது. கணுக்கால் எலும்பு முறிந்து, அப்பருவம் முழுவதும் அவர் தோட்டத்துக்குப் போக இயலவில்லை. சிறு நிலத்தைத் தம் கையால் பயிரிட்டு வாழ்பவருக்கு ஒரு பருவம் என்பது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை இம்மாத இதழைப் படிப்போருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் கண்ட குறை

செய்தி அறிந்து நாம் சென்றபோது, தளத்தைப் பார்ப்பதற்காக முதிய தச்சர் ஒருவரைச் சங்கத்தார் அழைத்திருந்தனர். முறிந்த பலகையின் மேற்புறம் மெழுகு பூசிப் பளபளப்பாக இருந்தது. அடிப்புறமோ பழுப்பு நிறமாகி, சிறு சிறு கட்டங்களாக வெடித்து, விரலால் நசுக்கினால் தூளாக உதிர்ந்தது. சுவருக்குள் செருகியிருந்த சட்டங்களின் முனைகள் அதைவிட மோசமாக இற்றிருந்தன. திறப்பின் வழியே மக்கல் நாற்றம் எழுந்தது. பெரியவர் உள்ளே விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, வெளியே சென்று கட்டடத்தைச் சுற்றி வந்தார்.

"ஐயா, இந்தப் பக்கத்தில் ஓட்டைகள் இருந்திருக்க வேண்டுமே, எங்கே?" என்று கேட்டார்.

"மேடைக்குள் போய்விட்டன, பெரியவரே. எலி நுழைகிற வழிதானே, அடைந்துபோவதும் நல்லதுதான் என்று இருந்துவிட்டோம்" என்றார் தலைவர்.

"எலி நுழைகிற வழி அல்ல, ஐயா, ஈரம் போகிற வழி" என்றார் பெரியவர்.

பின்புறம் சென்று பார்த்தோம். அங்கும் ஐந்து துவாரங்கள். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய இடமாதலால், ஆண்டுதோறும் மழையில் கரைந்து வந்த மண் சுவரோரம் குவிந்து மூன்று துவாரங்களை மூடியிருந்தது. எஞ்சிய இரண்டில் ஒன்றில், குளிர் வருகிறதென்று யாரோ சாக்குத் துணியைத் திணித்திருந்தனர். ஆக, பத்துத் துவாரங்களில் ஒன்றே திறந்திருந்தது. காற்று நுழைய ஒரு வழி இருந்தும், வெளியேற வழி இல்லை.

துவாரம் செய்யும் வேலை

வீட்டின் அடியில் உள்ள மண் வெயிலைக் காண்பதில்லை. அதன் ஈரம் எப்போதும் ஆவியாகி மேலே எழுந்துகொண்டே இருக்கும். வெற்றிடத்தில் காற்று ஓடினால், அந்த ஆவி காற்றோடு வெளியேறும். ஓடாவிட்டால், அது மரத்தின் அடிப்புறத்தில் படிந்து, மரத்தினுள் புகும்.

மரத்தை அழிப்பவை பூஞ்சணங்கள். அவற்றின் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத தூளாகக் காற்றில் எங்கும் உள்ளன; அவற்றைத் தடுப்பது எவராலும் இயலாது. அவை முளைத்து வளர மரம் வேண்டும், காற்று வேண்டும், மிதமான வெப்பம் வேண்டும், ஈரம் வேண்டும். முதல் மூன்றும் வீட்டில் எப்போதும் இருப்பவை. நம் கையில் இருப்பது நான்காவதாகிய ஈரம் ஒன்றுதான். மரத்தில் உள்ள நீர், உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைவாக இருக்கும் வரையில் இந்நோய் தொடங்குவதில்லை. அதற்கு மேல் நீடித்து ஈரம் நின்றால், தேக்கும் ஈட்டியும் சில காலம் தாங்கும்; மட்ட மரம் விரைவில் இற்றுவிடும். ஈரம் தங்கிய மரத்தைக் கறையானும் நாடி வரும்.

பிரிட்டனில் வீடுகளைப் பெரிதும் அழிக்கும் பூஞ்சணம் ஒன்றை அந்நாட்டார் "உலர் அழுகல்" என்று அழைக்கின்றனர். அழுகி முடிந்த மரம் உலர்ந்து காணப்படுவதால் வந்த பெயர் அது. பெயரைக் கேட்டு ஏமாறக் கூடாது. ஈரம் இன்றி அதுவும் தொடங்குவதில்லை. அந்தப் பூஞ்சணம் இயற்கையாகக் காட்டில் வளரும் இடங்களுள் ஒன்று நமது இமயமலைச் சாரல் என்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர்.

தரைக்கு அடியில் காற்று விடும் முறை புதிதன்று. பிரிட்டனில் ரோமானியப் படைகள் தங்கியிருந்த ஹவுஸ்டெட்ஸ், கார்பிரிட்ஜ் என்னும் இடங்களில் அவர்களுடைய தானியக் களஞ்சியங்களின் சிதைவுகள் இன்றும் உள்ளன. ஹவுஸ்டெட்ஸில் தரையைத் தாங்கக் கல் தூண்களை நிறுத்தியிருந்தனர். கார்பிரிட்ஜில் தரைக்குக் கீழே காற்று ஓடுவதற்கான வழிகளைச் சுவரிலேயே அமைத்திருந்தனர். நம் உழவர்களும் பத்தாயத்தை மண்ணில் வைப்பதில்லை. கால் கொடுத்தே வைக்கின்றனர். வைக்கோற் போருக்கு அடியில் கல்லோ கட்டையோ பரப்புவதும், கிட்டங்கியில் மூட்டைகளை மரச் சட்டத்தின்மேல் அடுக்குவதும் இதே நோக்கத்தோடுதான். நெல்லுக்கு அறிந்து செய்யும் இதனை வீட்டுக்கு மட்டும் மறந்துவிடுகிறோம்.

மேடையால் விளையும் மூன்று கேடுகள்

சுவரை ஒட்டி உயரமான தளம் போடுவதால் துவாரம் அடைபடுவது முதற் கேடு. அது மட்டுமே என்று எண்ணிவிடலாகாது.

இரண்டாவது, மட்டத்தைப் பற்றியது. நல்ல கட்டடங்களில் பேஸ்மட்டத்தின் மேல் ஈரத்தடுப்புப் படை ஒன்று இட்டிருப்பார்கள். பழைய கட்டடங்களில் கருங்கற் பலகையோ தாரோ, இக்காலத்தில் நீர் புகாத கலவையிட்ட கான்கிரீட்டோ அவ்வேலையைச் செய்யும். மண்ணின் ஓதம் சுவர் வழியே ஏறாமல் அது தடுக்கிறது. வெளித்தளம் அப்படைக்கு மேலே எழுந்துவிட்டால், ஓதத்துக்குப் பாலம் போட்டுக் கொடுத்தது போலாகும். மேடையினுள் நிரப்பிய மண்ணின் ஈரம் தடுப்புப் படையைத் தாண்டிச் சுவரினுள் நேரே புகும். சுவரில் செருகிய சட்ட முனைகள் முதலில் இறுவதற்குக் காரணம் இதுவே.

மூன்றாவது, மழை நீரைப் பற்றியது. மண் தரையில் விழுந்த மழை நீரில் ஒரு பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும். சிமெண்டுத் தளத்தில் விழுந்த நீர் முழுவதும் ஓடியே ஆக வேண்டும். வாட்டம் சுவரை நோக்கி இருந்தால், அது சுவரடியில் தேங்கும். வாட்டம் சரியாக இருந்தாலும், கெட்டியான தளத்தில் விழும் துளிகள் தெறித்துச் சுவரின் அடிப்பகுதியை நனைத்துக்கொண்டே இருக்கும்.

முறையாகக் கட்டுவது எவ்வாறு

இவற்றைக் கேட்டு, மேடையே வேண்டாம் என்று எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. மேடையும் வேண்டும், காற்றும் வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடைக்கும் வழிகள் உள்ளன.

1. கூடியவரையில் தளத்தைத் தாழ்வாகவே போடுக. வெளித்தளத்தின் மேல்மட்டம், ஈரத்தடுப்புப் படைக்கு 6 அங்குலமாவது (15 செ.மீ.) கீழே இருத்தல் வேண்டும். காற்றுத் துவாரங்களின் அடி விளிம்பும் தளத்துக்கு மேலே இருத்தல் வேண்டும். வேலை தொடங்குமுன் ரசமட்டத்தாலோ நீர்க்குழாய் மட்டத்தாலோ சுவர் நெடுகக் கோடு கிழித்துக்கொள்ளச் செய்க. கொத்தனாரின் கண் திட்டம் போதாது. படி ஏறுவதுதான் குறையென்றால், வாசலுக்கு நேரே மட்டும் சரிவுப் பாதை ஒன்று அமைத்துக்கொண்டால் போதும். முழு நீளத்துக்கும் தளத்தை உயர்த்த வேண்டியதில்லை.

2. உயர்த்தியே ஆக வேண்டுமாயின், சுவரைத் தொடாமல் கட்டுக. மேடைக்கென்று தனியே ஒரு தாங்கு சுவர் எழுப்பி, வீட்டுச் சுவருக்கும் அதற்கும் இடையே ஓரடி இடைவெளி விடலாம். அவ்விடைவெளியின் அடிமட்டம் துவாரங்களுக்குக் கீழே இருக்க வேண்டும்; அதற்கு வாட்டமும் வடிகாலும் வேண்டும். நடப்பதற்காக மேலே இரும்புக் கிராதி போட்டுக்கொள்ளலாம். கிராதி கழற்றி மாட்டக்கூடியதாக இருந்தால்தான் ஆண்டுக்கொரு முறை சருகும் மண்ணும் எடுக்க முடியும். எமது கருத்தில் இதுவே சிறந்த வழி. குறை நேர்ந்தால் கண்ணுக்குத் தெரியும்.

3. இடைவெளி விட இயலாதபோது குழாய் வைக்கலாம். ஒவ்வொரு துவாரத்திலிருந்தும் 4 அங்குல விட்டமுள்ள பிவிசி குழாயை மேடையின் அடியில் செலுத்தி, வெளி விளிம்பு வரை கொண்டுவர வேண்டும். குழாய் வெளிப்புறமாகச் சரிந்திருத்தல் வேண்டும். உட்புறமாகச் சரிந்தால், காற்றுக்காக வைத்த குழாய் மழை நீரை வீட்டுக்கு அடியில் கொண்டுசேர்க்கும் வாய்க்காலாகிவிடும். குழாயின் வாய், சுற்றியுள்ள தரைக்கு மேலே, நீர் தெறிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். நீளமும் வளைவும் கூடக் கூடக் காற்றின் ஓட்டம் குறையும். ஆகையால் வளைவுகளைக் குறைத்து, குழாய்களின் எண்ணிக்கையைத் தாராளமாக வைத்துக்கொள்க.

4. வாட்டத்தை மறவற்க. 8 அடி அகலமான தளத்துக்கு, சுவரோரத்திலிருந்து வெளி விளிம்புக்கு 2 அங்குலமாவது சரிவு வேண்டும். விளிம்பில் வடிகால் வேண்டும். கூரை நீர் தளத்தில் கொட்டாதபடி தாழ்வாரக் குழாயை வடிகால் வரை இறக்க வேண்டும்.

5. எலிக்கும் குளிருக்கும் அஞ்சித் துவாரத்தை அடைக்கற்க. கால் அங்குலக் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலை எலியைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. கொசு வலை போன்ற நெருங்கிய வலையை இட்டால், சில மாதங்களில் தூசி படிந்து அதுவே அடைப்பாகிவிடும். குளிர் வந்தால் பலகையின்மேல் சமுக்காளம் விரிக்கலாம். துவாரத்தில் சாக்கைத் திணிக்கலாகாது.

எத்தனை துவாரம் வேண்டும்

பலகைத் தளம் இங்கிலாந்திலிருந்து வந்த முறையாதலால், அந்நாட்டுக் கட்டட விதிகளுக்குரிய வழிகாட்டியில் உள்ள அளவையே நாமும் கொள்ளலாம். எதிரெதிரான இரு வெளிச்சுவர்களில் துவாரங்கள் இருக்க வேண்டும். சுவரின் நீளத்தில் ஒரு மீட்டருக்கு 15 சதுர சென்டிமீட்டர், அல்லது தரையின் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 5 சதுர சென்டிமீட்டர். இவ்விரண்டில் எது மிகுதியோ அவ்வளவு திறப்பு வேண்டும். குழாய் வைப்பதாயின் விட்டம் 10 செ.மீ.க்குக் குறையலாகாது. பலகையைத் தாங்கும் சட்டங்களின் அடிப்புறத்துக்கும் மண்ணின் மேலிட்ட பூச்சுக்கும் இடையே 15 செ.மீ. இடைவெளியாவது இருத்தல் வேண்டும்.

நாம் கூறிய சங்கத்தின் கூடத்தை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 10 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். பரப்பு 70 சதுர மீட்டர். அதன்படி வேண்டிய திறப்பு 350 சதுர சென்டிமீட்டர். இரண்டு நீளச் சுவர்களும் சேர்ந்து 20 மீட்டர், அதன்படி 300. மிகுதியானது 350. ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் 175 சதுர சென்டிமீட்டர் திறப்பு வேண்டும். 4 அங்குலக் குழாயின் வாய் ஏறத்தாழ 78 சதுர சென்டிமீட்டர். மூன்று குழாய் போதுமே என்று தோன்றும். ஆனால் வாயில் மாட்டும் கிராதி ஏறக்குறைய பாதியை மறைத்துவிடும். கணக்கில் கொள்ள வேண்டியது கிராதியின் இடுக்குகளைத்தான். குழாயின் அளவை அன்று. எனவே ஒரு குழாய்க்கு 39 என்று கொண்டால், பக்கத்துக்கு ஐந்து குழாய்கள் வேண்டும். அப்பங்களாவைக் கட்டியவர் பக்கத்துக்கு ஐந்து துவாரங்கள் வைத்தது வீண் அலங்காரத்துக்காக அன்று என்பது இதனால் விளங்கும்.

துவாரங்களை ஒரே இடத்தில் நெருக்கி வைப்பதும் தவறு. மூலைகளில்தான் காற்று அசைவற்று நிற்கும். ஆதலால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஒன்றரை அடிக்குள் ஒரு துவாரம் இருப்பது நலம். உள்ளே குறுக்குச் சுவர்கள் இருந்தால், அவற்றின் அடியிலும் காற்று கடந்து செல்லத் திறப்புகள் வேண்டும்.

இருக்கும் கட்டடத்தைச் சோதிப்பது எவ்வாறு

இதற்குப் பொறியாளர் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. சுவரோரமாக மெல்ல நடந்து பாருங்கள். பலகை காலடியில் குழைந்து துள்ளினால் ஐயம் கொள்ளுங்கள். சுவரின் அடிப்பட்டைக்கும் தளத்துக்கும் இடையே புதிதாக இடுக்கு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறையைச் சில நாள் பூட்டி வைத்துத் திறக்கும்போது மக்கல் நாற்றம் வீசுகிறதா என்று கவனியுங்கள். கூரிய திருப்புளியைப் பலகையின் ஓரத்தில் அழுத்துங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும், இற்ற மரம் உள்வாங்கும்.

காற்று ஓடுகிறதா என்பதை அறிய ஓர் ஊதுவத்தி போதும். காற்று சற்று வீசும் நேரத்தில், துவாரத்தின் முன்னே அதனைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். அல்லது வெளியே தள்ளப்பட வேண்டும். நேரே மேலெழுந்து நின்றால், எங்கோ அடைப்பு உண்டு.

நெசவாளர் வீட்டுக்கும் இது பொருந்துமா

"எங்கள் வீட்டில் பலகைத் தளம் இல்லையே, மலைநாட்டுச் செய்தி எங்களுக்கு எதற்கு?" என்று சமவெளியில் உள்ள நெசவாளர்கள் கேட்கலாம். தரைக்கு அடியில் வெற்றிடம் இல்லாத வீட்டுக்குத் துவாரம் தேவையில்லை, உண்மையே. ஆனால் மட்டமும் வாட்டமும் பற்றிக் கூறியவை அனைத்தும் அவ்வீடுகளுக்கும் உரியவை.

குழித்தறியில் கால் வைக்கும் குழி, தரைக்கு இரண்டடிக்கும் கீழே இருக்கிறது. குழியின் மிதமான ஈரப்பதம் பாவு இழை அறுபடாமல் காக்கிறது என்பது நெசவாளர் அறிந்ததே. ஆனால் மிதமான ஈரப்பதம் வேறு, நீர்க் கசிவு வேறு. தெருவுக்குச் சாலை போடும்போதெல்லாம் பழைய தளத்தை எடுக்காமல் மேலேயே போடுவதால், பல ஊர்களில் தெரு உயர்ந்து வீடுகள் தாழ்ந்துவிட்டன. அதற்கு ஈடாக வீட்டாரும் முற்றத்தைச் சிமெண்டுக் கற்களால் உயர்த்துகின்றனர். முற்றம் வீட்டுத் தரைக்குச் சமமாகவோ மேலாகவோ எழுந்துவிட்டால், மழை நீர் சுவரடியில் தேங்கி, தாழ்ந்த இடமாகிய குழியை நாடிக் கசியும். கஞ்சி போட்ட பாவில் பூஞ்சணம் படரும். அச்சில் துரு ஏறும். துரு பட்ட இழை கறைபடும். கூலி குறைவது நெசவாளருக்கே.

ஆகவே முற்றம் வீட்டுத் தரைக்கு 6 அங்குலமாவது தாழ்ந்திருக்கட்டும். தெரு உயர்ந்துவிட்டமையால் அது இயலாதெனின், சுவரோரத்தில் ஓரடி அகலத்துக்குத் தளம் போடாமல், ஜல்லி நிரப்பிய வடிகால் ஒன்றைத் தாழ்வாக அமைத்து, நீர் வெளியேற வழி செய்யுங்கள். நூல் கட்டுகளைத் தரையில் வைக்காமல் மரச் சட்டத்தின்மேல், சுவரிலிருந்து சற்று விலக்கி அடுக்குங்கள். சங்கத்தின் நூல் கிட்டங்கிக்கும் இதுவே முறை.

தீர்மானத்துக்கு முன் கேட்க வேண்டியவை

நிர்வாகக் குழுவினர் கட்டடச் செலவுக்கு ஒப்புதல் அளிக்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டு, விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது எமது வேண்டுகோள். சுவரின் அடியில் துவாரங்கள் எத்தனை, அவை எங்கே உள்ளன? புதிய தளத்தின் மட்டம் அவற்றுக்கு மேலா, கீழா? மழை நீர் எப்பக்கம் ஓடும்? வேலை முடிந்தபின் அத்துவாரங்களை எண்ணிச் சான்று தருபவர் யார்? இந்த நான்காம் கேள்வியை இப்போது நாமும் எமது ஆய்வுகளில் கேட்டு வருகிறோம். வவுச்சர்களை எடுத்துப் பார்க்குமுன், ஒருமுறை கட்டடத்தைச் சுற்றி வருவதையும் வழக்கமாக்கிக்கொண்டோம்.

நாம் கூறிய சங்கம் பின்னர் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். மகாசபையைக் கூட்டி, நடந்ததை மறைக்காமல் தலைவர் எடுத்துரைத்தார். மேடை முழுவதையும் இடிக்க வேண்டும் என்றனர் சிலர். சுவரோரமாக ஓரடியை மட்டும் வெட்டி எடுத்தால் போதும் என்று பெரியவர் கூறிய வழியே ஏற்கப்பட்டது. வெட்டிய இடைவெளியில் வடிகால் அமைத்து, மேலே இரும்புக் கிராதி போட்டனர். ஐந்து துவாரங்களும் மீண்டும் வெளிவந்தன. பின்புறத்து மண்ணை அங்கத்தினர்களே முறை வைத்து அள்ளி எடுத்து, அது மீண்டும் சரியாமல் கல் அடுக்கினர். முனை இற்ற சட்டங்களையும் சுவரோரப் பலகைகளையும் மாற்றினர். அடியில் உள்ள மண்ணையும் சட்டங்களையும் பல வாரங்கள் காற்றில் உலரவிட்ட பின்னரே புதிய பலகைகளை அறைய வேண்டும் என்று பெரியவர் வற்புறுத்தினார், அவ்வாறே காத்திருந்தனர். இவ்வளவுக்கும் ஆன செலவு, மேடை கட்டிய செலவைப் போல் இரு மடங்குக்கும் மேல். முதலிலேயே அந்த ஓரடியை விட்டுக் கட்டியிருந்தால், மேடைச் செலவோடு சிறிது இரும்பு விலை மட்டும் கூடியிருக்கும். அம்மையாரின் மருத்துவச் செலவைச் சங்கம் ஏற்றது. அவர் இழந்த பருவத்தை எவராலும் திருப்பித் தர இயலவில்லை.

வேலை முடிந்த அன்று மாலை, பெரியவர் முன்புறத்துத் துவாரம் ஒன்றின் அருகே ஊதுவத்தியைப் பிடித்தார். புகை உள்ளே சென்றது. சற்று நேரத்தில், பின்புறம் நின்றிருந்த காரியதரிசி, "இங்கே மணக்கிறது" என்று குரல் கொடுத்தார்.

அங்கத்தினர்களே, அடுத்த மழைக்கு முன் ஒரு நாள், உங்கள் சங்கக் கட்டடத்தையும் சொந்த வீட்டையும் ஒருமுறை சுற்றி வாருங்கள். சுவரடியில் உள்ள துவாரங்களை எண்ணுங்கள், அடைந்திருப்பவற்றைத் திறந்துவிடுங்கள். புதிய முற்றமோ மேடையோ கட்டும் எண்ணம் இருந்தால், கொத்தனார் வருவதற்கு முன்னரே மட்டக் கோட்டைக் கிழித்துவிடுங்கள். அரை நாள் வேலைதான். ஆனால் அதனைப் பிறர் செய்வார் என்று எவரும் விட்டுவிடலாகாது.